இடுப்பில் கட்டிய சாக்கு

கெம்பஸில் கொடுத்த கடிதத்தில் "கோடைகாலப் பயிற்சி" என்று போட்டிருந்தது. அதை எழுதியவர் ஆடி மாதத்துக் கந்தப்பளையைக் கண்டிருக்க மாட்டார். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் காற்று காதைப் பிடித்துத் திருகும். தூறல் மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வரும். இரண்டு ஸ்வெட்டர், காதை மூடிய ஒரு தொப்பி, ஒழுகும் மூக்கு, இவற்றோடு என் கோடைகாலம் தொடங்கியது.

விவசாய பீடத்தில் எனக்கு மூன்றாம் வருடம் முடிந்திருந்தது. விடுமுறையில் இரண்டு மாதம் எங்கேயாவது வேலை பழகி, அவர்கள் கையெழுத்தோடு அறிக்கை கொடுத்தால்தான் நான்காம் வருடத்துக்குப் போகலாம். கூட்டாளிமார் எல்லாம் ஏசி போட்ட ஆய்வுகூடங்களைத் தேடிப் போனார்கள். நான் கந்தப்பளைக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் இரசாயன உரமும் மருந்தும் இல்லாமல் மரக்கறி செய்யும் ஓர் அக்காவின் பண்ணைக்குப் போனேன். பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை. தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் தருவதாக அக்கா ஃபோனில் சொல்லியிருந்தார்.

அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அம்மா கொட்டகலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எடுக்கிறார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் துண்டு நிலத்தில்கூட என்னை ஒரு புல் பிடுங்க விட்டதில்லை. விவசாய பீடம் கிடைத்தபோதே "டாக்டருக்குப் படிக்கக் கூடாதா" என்று முனகியவர். சம்பளம் இல்லாமல் மண்வெட்டி பிடிக்கப் போகிறேன் என்றதும் அடுப்படியில் பாத்திரங்கள் சத்தம் போடத் தொடங்கின.

"நான் இத்தன வருசமா மழையில நனையிறது எதுக்கு? நீ நனையக் கூடாதுன்னுதானே? இப்ப நீயே பையத் தூக்கிக்கிட்டு நனையப் போறியா?"

"பயிற்சிம்மா. ரெண்டே மாசம்."

"புல்லு புடுங்குறதுக்கு என்னடி பயிற்சி?"

புறப்படும் நாளில் அம்மா வாசலுக்கு வரவில்லை. ஆனால் என் பையைத் திறந்து பார்த்தபோது ஆறு ரொட்டியும் ஒரு போத்தல் சம்பலும் இருந்தன.

பண்ணையில் மொத்தம் ஐந்து பேர். அக்கா வட்டவளைப் பக்கத்தில் ஒரு லயத்தில் பிறந்தவர். கொழும்பில் வங்கி வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, ஏசிக் குளிர் அலுத்துப்போய் நிஜக் குளிருக்கே திரும்பி வந்தவர். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் வேலைக்கு வந்தார்கள். என்னைப்போலப் பயிற்சிக்கு வந்த இன்னொருத்தி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முதல் நாள் காலையில் பைப்பைத் திறந்து முகம் கழுவியவள், "தண்ணிக்கை ஐஸ் போட்டவையோ?" என்று என்னைக் கேட்டாள். அன்றைக்கே இருவரும் சிநேகிதம்.

வேலை எனக்குப் பிடித்துப்போனது. லீக்ஸ் பாத்தியில் மண் அணைப்பது, நெருக்கமாக முளைத்த கரட்டைக் கலைப்பது, கிளிசிரியாத் தழையும் சாணமும் மாற்றி மாற்றி அடுக்கிக் குப்பை உரம் போடுவது, கோவா இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் புழுவைக் கையால் பொறுக்குவது. புழு பொறுக்குவதில் நான் யாழ்ப்பாணத்துக்காரியைவிட வேகம். அதை அவள் ஒத்துக்கொண்டதே கிடையாது.

அக்காவுக்கோ அந்த ஆடி மாதத்தில் ஒரே ஒரு கவலைதான் இருந்தது. சான்றிதழ். இயற்கை முறையில் விளைந்தது என்ற சான்றிதழ் கிடைக்க மூன்று வருடம் நிலத்தில் ஒரு சொட்டு மருந்து, ஒரு பிடி இரசாயன உரம் படக்கூடாது. மூன்றாவது வருடம் முடிகிற நேரம் அது. நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டல், சான்றிதழைக் கொண்டு வந்தால் அடுத்த கிழமையிலிருந்தே விளைந்ததெல்லாம் எடுப்பதாகச் சொல்லியிருந்தது. அதுவரைக்கும் அக்காவின் ஓட்டை விழுந்த கோவாவைச் சந்தையில் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கினார்கள். பரிசோதகர் வந்து ஒரு குறை கண்டாலும் முதலாம் வருடத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

"இன்னொரு மூணு வருசம் என்னால முடியாது" என்று ஒரு நாள் லீக்ஸ் கழுவிக்கொண்டே அக்கா சொன்னார். "கெடைக்கலன்னா காணிய வித்துட்டு பேங்குக்கே போய் வேல கேக்க வேண்டியதுதான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தப் பெண்சாதி மட்டும் கழுவுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். காணியை விற்றால் அவர்கள் இரண்டு பேருக்கும் வேலை இல்லை.

பரிசோதகர் என் பயிற்சியின் கடைசிக் கிழமையில் வருவதாக இருந்தது. அதற்காக ஒரு கொப்பி வைத்திருந்தோம். கேட்டைத் தாண்டி உள்ளே வரும் ஒவ்வொன்றையும் அதில் எழுத வேண்டும். திகதி, பொருள், எங்கிருந்து வந்தது, கொடுத்தவர் யார். கொப்பி என் பொறுப்பு. சாணம் வந்தால் எந்த வீட்டு மாடு என்பதுவரை எழுதினேன். பந்தல் கட்ட வந்த நூலை எழுதினேன். கம்பி வேலிக்கு வந்த ஆணியையும் எழுதினேன். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் கொஞ்சம் கர்வம் உண்டு. "இதப் பாத்தா அந்த ஐயா கண்ணுல தண்ணி வந்துரும்" என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

இரண்டு கிழமைக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போவேன். முதல் முறை போனபோது எனக்கு இருமல். போஞ்சிப் பந்தலுக்குள் நுழைந்து வெளியே வந்தால் இடுப்புக்குக் கீழே பிழிந்து எடுக்கலாம். அக்கா வாங்கி வைத்திருந்த மழைக்கோட்டுகள் உள்ளே வியர்த்து வெளியே இருந்ததைவிட அதிகமாக நனைத்தன. அம்மா என் பாவாடை ஓரத்தில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தார். அடுத்த முறை போனபோது ஒரு பொதியைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்.

"அஞ்சு இருக்கு. மத்தவங்களுக்கும் குடு. நீ மட்டும் கட்டிக்கிட்டு நின்னா நல்லா இருக்காது."

பிரித்தால் ஐந்து படங்கு. படங்கு என்றால் கொழுந்து எடுக்கும் பெண்கள் செடியின் ஈரமும் குச்சியும் படாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற தடித்த விரிப்பு. அம்மா சாக்கை வெட்டி, இரண்டாக மடித்து, கோணி ஊசியால் தைத்து, பழைய சேலையின் சிவப்புக் கரையை ஓரத்துக்குக் கொடுத்திருந்தார். கட்டுவதற்கு நாடாவும் அதே சிவப்பு. அவ்வளவு அழகாக இருந்தது. என்னோடு சரியாகப் பேசாமல் இருந்த நாட்களில் அம்மா உட்கார்ந்து தைத்த தையல் அது. நான் அந்தச் சிவப்புக் கரையை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். அம்மா அதைப் பார்க்க விரும்பாமல் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

பண்ணையில் படங்குக்கு அமோக வரவேற்பு. அக்கா உடனே கட்டிக்கொண்டு, "எங்கம்மா ஞாபகம் வருது" என்று இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினார். புருசன்காரர் ஆம்பிளை கட்டுவதா என்று ஒரு நாள் யோசித்தார். மறுநாள் நனைந்த பிறகு யோசிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரி கட்டிக்கொண்டு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். ஒரு மாதம் முழுக்க நாங்கள் ஐந்து பேரும் படங்கோடுதான் திரிந்தோம்.

பரிசோதனை நாளும் வந்தது. முந்தின நாளே நான் எல்லாப் படங்கையும் சோப் போட்டுத் தேய்த்துக் காயப் போட்டிருந்தேன். "எல்லாரும் ஒரே மாதிரி நிக்கணும், பாக்க ஒழுங்கா இருக்கணும்" என்று உத்தரவு போட்டதும் நான்தான். காலையில் ஜீப் வந்து நின்றபோது ஐந்து பேரும் கேட்டடியில் வரிசையாக நின்றோம். தலைக்கு மேல் "நஞ்சற்ற மரக்கறிப் பண்ணை" என்ற பலகை.

பரிசோதகர் கண்டிப் பக்கத்துக்காரர், நடுத்தர வயது. பேசுவது சிங்களத்தில், தமிழ் நன்றாக விளங்கும். இறங்கியவர் பலகையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். திரும்பவும் பலகையைப் பார்த்தார். பிறகு உள்ளே நடந்தார்.

குப்பை உரக் குவியலுக்குள் கையை விட்டுச் சூடு பார்த்தார். விதைப் பைக்கற்றுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பக்கத்துக் காணிக்காரர் அடிக்கும் மருந்து காற்றில் வராமல் இருக்க நட்டிருந்த காட்டுச் சூரியகாந்தி வேலியை ஓரம் முழுக்க நடந்து பார்த்தார். என் கொப்பியைப் புரட்டி "ஆணிகூடவா?" என்று கேட்டபோது எனக்குத் தலைக்கனம் ஏறியது. எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒன்றே ஒன்றுதான் விளங்கவில்லை. மனிதர் அடிக்கடி எங்கள் இடுப்பைப் பார்த்தார்.

தையல் வேலைப்பாட்டில் மனசு போய்விட்டது என்று நான் முடிவு கட்டினேன். வெறுந்தேத்தண்ணீர் கொடுக்கும்போது நானே வாயைத் திறந்தேன். "ஈரமே புடிக்காது சார். வேணும்னா உங்களுக்கும் ஒண்ணு தச்சுத் தரச் சொல்றேன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இதற்குள் என்ன இருந்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் குனிந்து என் வயிற்றைப் பார்த்தேன். பச்சை எழுத்தில், தலைகீழாக, மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. யூரியா.

அக்காவின் வயிற்றிலும் யூரியா. புருசன்காரர் வயிற்றில் பாதி யூரியா, மீதி மடிப்புக்குள். ஒரு மாதமாகத் துவைத்திருக்கிறேன், காயப் போட்டிருக்கிறேன், கட்டியிருக்கிறேன். ஒரு நாளும் அதை நான் வாசிக்கவில்லை.

வெளியில் யாருக்கும் இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். லயத்தில் பிறந்தவர்களுக்கு உரச்சாக்கு என்பது சாக்கு இல்லை. அது துணி. மிதியடி, கதவுக்குத் திரை, கூரை ஒழுகினால் அடைப்பு, விறகு கட்ட, கோழிக்கூட்டுக்கு மறைப்பு. நான் நடை பழகியதே உரச்சாக்கு விரித்த தரையில். அதில் இருக்கும் எழுத்து எங்களுக்குச் சேலையில் இருக்கும் பூ மாதிரி. யாராவது சேலைப் பூவை வாசிப்பார்களா? நானும் வாசிக்கவில்லை, வங்கியில் அத்தனை வருடம் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட அக்காவும் வாசிக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்காரி மெதுவாக என் காதருகே வந்தாள். "நான் முதல் நாளே கண்டனான்."

"ஏன் சொல்லல?"

"நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டும் சொல்லேல்லை. அப்ப சரிதானாக்கும் எண்டு நினைச்சன்."

பரிசோதகர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். ஐந்து யூரியாச் சாக்கு இந்தக் காணிக்குள் இருக்கிறது, அதில் இருந்த உரம் எந்த மண்ணில் இருக்கிறது என்று தனக்குத் தெரிய வேண்டும் என்றார். கொப்பியில் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். ஆணியை எழுதிய கொப்பியில் படங்கு இல்லை. உடுப்பை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவருடைய மூன்று வருடத்தைக் கெடுக்கும் சாக்கை நான்தான் சோப் போட்டுத் தேய்த்து வரிசையில் நிறுத்தியிருந்தேன்.

வழியில் கிடந்தது, எடுத்தோம் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அம்மாவை இதற்குள் இழுக்க எனக்கு மனசில்லை. ஆனால் பொய் சொன்னால் சந்தேகம் அக்காவின் நிலத்தின் மேல்தான் விழும். "எங்கம்மா தச்சது சார்" என்றேன். "கொட்டகலையில தோட்டத்துல வேல செய்றாங்க. அங்க உரம் போட்டு முடிஞ்ச வெறும் சாக்கு."

அம்மாவோடு பேச முடியுமா என்று கேட்டார்.

பகல் கொழுந்து எடை போட்டு முடிகிற நேரம். ஃபோனைச் சத்தமாக வைத்துத் தேத்தண்ணீர் மேசையில் வைத்தேன்.

"என்னடி இந்த நேரத்துல?"

"அம்மா, நீங்க தச்ச படங்கு இருக்குல்ல, அந்தச் சாக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு இங்க ஒரு ஐயா கேக்குறாரு."

அம்மா வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். குரல் சட்டென்று மாறியது. "களவெடுத்ததுன்னு சொல்றாரா? ஐயா, நல்லாக் கேட்டுக்கங்க. மலைக்கு உரம் போட்டு முடிஞ்சதும் எங்க வேலைய மேப்பாக்குற கண்டாக்கு ஐயாதான் காலையில பெரட்டுக்கு ஆளுங்க கூடுன எடத்துல வச்சு ஆளுக்கு ஒண்ணு குடுத்தாரு. எனக்கு ஒண்ணு, மிச்சம் நாலும் பக்கத்து வீடுகள்ல கேட்டு வாங்குனது. நாலு வீட்டுலயும் வந்து கேளுங்க."

களவு இல்லை என்று பரிசோதகர் தெரிந்த தமிழில் அவசரமாகச் சொன்னார். உரம் ஒட்டியிருந்ததா என்பதுதான் தன் கேள்வி என்றார்.

"ஒட்டியிருக்கவா?" அம்மாவின் குரல் தணிந்தது. "ஏழு தண்ணி அலசியிருக்கேன் ஐயா. உரம் பட்டா கை எப்புடி எரியும்னு எனக்குத் தெரியாதா? எத்தன வருசம் இடுப்புல கட்டித் தூவியிருக்கேன். இன்னும் விரல் இடுக்குல தழும்பு இருக்கு. இது எம்மக இடுப்புல கட்டுறது. அதுல ஒரு பொட்டு இருக்க விடுவேனா?"

அம்மாவின் விரல்களில் தழும்பு உண்டு, தெரியும். அது கொழுந்துக் காம்பு அறுத்தது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் நம்புவதாகச் சொன்னார். ஆனால் தன்னுடைய படிவத்தில் நம்பிக்கைக்கு ஒரு கட்டம் இல்லை என்றார். சாக்குகள் இன்றைக்கே வெளியே போக வேண்டும். படங்கு கட்டி வேலை செய்த பாத்திகளில் மண் எடுத்துச் சோதிக்க வேண்டும். இரண்டு கிழமைக்குள் தோட்டத்திலிருந்து, வெறும் சாக்குதான் கொடுத்தோம் என்று முத்திரை வைத்த கடிதம் வர வேண்டும். புதிதாக எதைக் கட்டினாலும் கொப்பியில் ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் கொழும்பு ஒபீசில் கொப்பியைப் பார்த்து முடிவு.

ஜீப் போனதும் அக்கா என் பக்கத்தில் வந்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன். "நானும் லயத்துல பொறந்தவதானே" என்றார். "நானும் பாக்கலயே." பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யூரியாவைக் கட்டிக்கொண்டு பலகைக்குக் கீழே நின்றதை நினைக்க நினைக்க அடங்கவில்லை. சிரிப்பு நின்ற பிறகு பயம் திரும்ப வந்து உட்கார்ந்தது.

மூன்றாம் நாள், பதினொரு மணி பஸ்ஸில் அம்மா வந்து இறங்கினார். கோயிலுக்குக் கட்டும் பச்சைச் சேலை, கையில் ஒரு பொதி. ஃபோனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், மறுநாளே தோட்டத்து ஒபீசுக்குப் போய், கண்டாக்கு ஐயா கடிதம் எழுதும்வரை வாசலை விட்டு நகரவில்லையாம். முத்திரை வைத்த கடிதம் மூன்று பொலித்தீன் பைக்குள் இருந்தது. தபாலில் போட்டிருக்கலாமே என்றேன். "தபால்ல போட்டா நனைஞ்சிரும்" என்றார்.

அக்கா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் கண் பாத்திகளில் இருந்தது. கரட்டுக்கு இடையில் நாங்கள் வேண்டுமென்றே விட்டிருந்த பூண்டுகளையும் புல்லையும் பார்த்து முகம் கோணியது.

"இவ்வளவு புல்ல வச்சுக்கிட்டா சேட்டிபிகேட் கேக்குறீங்க? எங்க கண்டாக்கு பாத்தா அன்னிக்குச் சம்பளத்துக்குப் பேரு போட மாட்டாரு."

"அது பூச்சிக்கு விட்டதும்மா" என்றேன்.

"பூச்சிக்கு?" என்று அக்காவைப் பார்த்தார். அக்கா ஆமாம் என்று தலையாட்டியதும், படித்தவர்களோடு என்ன பேசுவது என்ற மாதிரி விட்டுவிட்டார்.

பொதிக்குள் ஹட்டனில் வாங்கிய நீலப் படங்குத் துணி இருந்தது. எழுத்தே இல்லாத துணி. அம்மா அதை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். மரக்கறி பொதி பண்ணும் கொட்டிலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பின்னேர பஸ்ஸுக்குள் ஐந்தையும் தைத்து முடித்தார். கேட்டுக்கு வெளியே கட்டி வைத்திருந்த பழைய படங்குகளிலிருந்து சிவப்பு நாடாவைப் பிரித்துப் புதியதில் வைக்கப் போனவரிடம் அக்கா மெதுவாக வேண்டாம் என்றார். தன் கழுத்துத் துணியைக் கிழித்துக் கொடுத்தார்.

நான் கொப்பியை எடுத்து வந்தேன். திகதி போட்டேன். பொருள்: படங்கு, ஐந்து. எங்கிருந்து: ஹட்டன் கடை, புதிய துணி. கொடுத்தவர் என்ற கட்டத்தில் அம்மாவின் முழுப் பெயரை, அவர் அப்பாவின் பெயரோடு எழுதினேன்.

"என் பேர எதுக்கு எழுதுற?"

"எழுதாம விட்டதுலதானே இவ்வளவும் வந்துச்சு."

அம்மா எட்டிப் பார்த்தார். பெரட்டுக் களத்தில் பேர் போடும் செக்ரோலைத் தவிர வேறு எதிலும் யாரும் அந்தப் பெயரை எழுதி அவர் கண்டதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஊசியில் நூலைக் கோத்தார்.

நான் கெம்பஸுக்குத் திரும்பி இரண்டு மாதம் கழிந்து ஒரு மத்தியானம் அக்காவின் படம் ஃபோனில் வந்தது. சட்டம் போட்ட சான்றிதழ், பக்கத்தில் நீலப் படங்கோடு மூன்று பேர். விரிவுரை மண்டபத்திலிருந்து வெளியே ஓடி அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"கெடச்சிருச்சும்மா. அக்காவுக்கு சேட்டிபிகேட் கெடச்சிருச்சு."

பீலியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அம்மா குடத்தை இறக்கி வைப்பதும் கேட்டது.

"அந்தக் கொப்பியவும் கொழும்புக்குக் கொண்டு போனாங்களா?"

"போனாங்க. பக்கம் பக்கமாப் பாத்தாங்களாம்."

"என் பேரு இருக்குற பக்கத்தயும்?"

"அதத்தான் மொதல்ல கேட்டாங்களாம்."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"அடுத்த லீவுக்கு நீ அங்க போறப்ப சொல்லு" என்றார். "நானும் வர்றேன். அந்தப் புல்ல அப்புடியே விட முடியாது."